ஜெபமும் பிரசங்கமும் வைத்தியமும்

கிறிஸ்தவ ஊழியம் என்று வழங்கப்படுவது தனியொரு தொழிலன்று. ஜெபித்தல், பிரசங்கித்தல், நோய் தீர்த்தல் என்னும் மூன்று தொழில்களும் ஆதிநாள் தொட்டு அதன்கண் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இம்மூன்றனுள் எது தலையாயது, எது எதற்குத் துணையாவது என்னும் வழக்கும் அன்று தொட்டே நடந்து வருகின்றது. மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இது பாதிரிமார் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கென்றே தோன்றும். ஆனால் இதன் தீர்ப்பு கடைசியில் நோயாளியின் பாயருகே வந்து நிற்பதாகும். மருந்துக்கு வந்தவனுக்கு மருந்தை மட்டும் கொடுப்பதா? மருந்தோடு மதத்தையும் சேர்த்துக் கொடுப்பதா? கொடுப்பவன் எவ்வெண்ணத்தோடு கொடுக்கின்றான்? எச்சமயத்தார் தருமஞ் செய்யப் புகினும் இவ்வினாக்கள் எழாமற் போகா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மண்ணில், தமிழ் நோயாளிகளின் முன்னிலையில், இவை நன்கு சோதிக்கப்பட்டன. அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பதே நமது நோக்கமாம்.

கப்பர்நகூமில் ஒரு நாள்

இவ்வழக்கிற்கு மூலமான ஏடு மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதலதிகாரம் என்னலாம். அங்கே இயேசுவின் ஒருநாள் வாழ்க்கை சொல்லப்படுகின்றது. ஓய்வுநாளில் அவர் கப்பர்நகூமின் ஜெப ஆலயத்தில் போதிக்கின்றார். பின்னர்ச் சீமோனின் வீட்டுக்குச் சென்று, காய்ச்சலாய்க் கிடந்த அவன் மாமியைக் கைபிடித்துத் தூக்கிவிடுகின்றார். பொழுது சாய்ந்ததும் ஊரார் அனைவரும் தம் நோயாளிகளை அவ்வீட்டு வாசலிற் கொண்டுவந்து குவிக்கின்றனர், பலர் குணமடைகின்றனர். மறுநாள் இருட்டோடு எழுந்து, ஆளற்ற ஓரிடத்திற்குப் போய்த் தனியே ஜெபிக்கின்றார். சீமோனும் கூட்டாளிகளும் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகின்றனர் என்று சொல்ல, அவரோ அடுத்த ஊர்களிலும் பிரசங்கிக்க வேண்டும், அதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்று அவர்களை அழைத்துச் செல்கின்றார்.

பிரசங்கமே முதன்மை என்பார், வாசலில் நோயாளிகள் காத்திருக்கவும் அவர் போதிக்கப் போயினாரன்றோ என்று இப்பகுதியைச் சான்று காட்டுவர். வைத்தியமே முதன்மை என்பார், வாசலுக்கு வந்தவர்களின் கொள்கையை விசாரியாமலே குணப்படுத்தினாரன்றோ என்று இதே பகுதியைக் காட்டுவர். இரண்டும் உண்மையே. ஆனால் இரு சாராரும் விரைந்து கடந்து போகும் ஓரிடம் உண்டு. அது விடியற்காலத்து ஜெபம். முதல்நாள் வைத்தியத்திற்கும் மறுநாட் பிரசங்கத்திற்கும் இடையில் அது நிற்கின்றது. ஊர் முழுவதும் தேடிப் புகழும்போது, அந்தப் புகழிலேயே தங்கிவிடாமல் தம் கடமை யாதென்று தெரிந்துகொள்வதற்கு அவருக்கு அத்தனிமை வேண்டியிருந்தது. ஜெபத்தின் இடம் இதுவென்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு மீளுவோம்.

மற்றொரு செய்தி லூக்கா எழுதிய சுவிசேஷத்திலுள்ள நல்ல சமாரியன் கதை. கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு குருவும் லேவியனும் விலகிப் போக, சமாரியன் ஒருவன் அருகிற் சென்று, காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்திற் சேர்த்து, செலவுக்கும் பணங் கொடுத்துப் போகின்றான். அவன் அடிபட்டவனுக்கு யாதொரு பிரசங்கமும் செய்ததாக அக்கதையில் இல்லை.

சபையும் சத்திரசிகிச்சையும்

ஆதித் திருச்சபையார் இவற்றை மறந்தாரல்லர். நான்காம் நூற்றாண்டில், கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகரத்து மேற்றிராணியாரான பசிலியார், ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் குட்டநோயாளருக்குமாக நகர்ப்புறத்தே பெரியதொரு தருமசாலை அமைத்தார். நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் கிறிஸ்தவ மருத்துவசாலைகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. பின்னர்த் துறவியர் மடங்கள் மருந்துத் தோட்டங்களையும் நோயாளர் அறைகளையும் பேணி வந்தன.

நாளடைவில் குருத்துவமும் வைத்தியமும் பிரியலாயின. 1215-ஆம் ஆண்டில் உரோமையில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், உயர்நிலைக் குருமார் சுடுதலும் அறுத்தலுமாகிய சத்திரசிகிச்சையைச் செய்யலாகாதென்று விதித்தது. பலிபீடத்தில் நிற்கும் கை இரத்தத்தில் தோயலாகாதென்பது கருத்து. ஆன்மாவைக் கவனிப்பவர் ஒருவர், உடலைக் கவனிப்பவர் வேறொருவர் என்னும் பிரிவு இதனால் வலுப்பெற்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், கீழ்நாடுகளுக்கு வந்த மிஷன் மருத்துவர்களால் இவ்விரண்டும் மீண்டும் ஒரே ஆளிடத்திற் சேர்ந்தன. பழைய வழக்கும் புதிதாய்க் கிளம்பிற்று.

பண்டத்தரிப்பும் காந்தன் நகரமும்

1810-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அந்நிய நாட்டு ஊழியத்துக்கென ஒரு மிஷன் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தார் 1816-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். நியூயார்க்கில் நன்கு நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, 1819-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தவர் ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர். நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற வீட்டில் காத்திருக்கும்போது, கீழ்நாட்டு ஊழியத்தைப் பற்றிய சிறு நூலொன்று கண்ணிற்பட, அதுவே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டதென்று அவர் சரித்திரஞ் சொல்வர். பண்டத்தரிப்பில் அவர் மருத்துவசாலை நடத்தினார். ஆனால் வைத்தியம் மட்டும் போதுமென்று அவர் கருதவில்லை. 1820-ஆம் ஆண்டிலேயே குருப்பட்டமும் பெற்றுக்கொண்டார். 1836-ஆம் ஆண்டில் சென்னைக்குப் போனபின் ஊர் ஊராகப் பிரசங்கஞ் செய்வதிலும் துண்டுப்பிரசுரம் வழங்குவதிலும் பெரும்பொழுதைச் செலவிட்டார். ஒரே ஆளிடத்தில் மூன்றும் இருந்தன. தராசின் தட்டு மட்டும் பிரசங்கத்தின் பக்கம் தாழ்ந்தது.

இதே சங்கத்தைச் சேர்ந்த மற்றொருவரின் கதை வேறு வகை. பீட்டர் பார்க்கர் குருப்பட்டமும் மருத்துவப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1834-ஆம் ஆண்டில் அவரைச் சீனத்துக்கு அனுப்புகையில் சங்கத்தார் தெளிவானதோர் கட்டளை கொடுத்தனர். அதன்படி, மருத்துவம் சுவிசேஷத்துக்குப் பணிப்பெண்ணாக மட்டுமே இருத்தல் வேண்டும். வைத்தியர் என்னும் பெயர் சமயபோதகர் என்னும் பெயரை மறைத்துவிடலாகாது. பார்க்கர் சீனமொழி பயிலும் பொருட்டு 1835-ஆம் ஆண்டின் முற்பகுதியில் நமது சிங்கப்பூரிலே சில மாதங்கள் தங்கி, சீனருக்கென ஒரு மருந்துச்சாலை நடத்தினார் என்பது இவ்விடத்து வாசகர் அறியத்தக்கது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் காந்தன் நகரத்தில் அவர் திறந்த கண் மருத்துவசாலைக்கு மக்கள் திரள்திரளாக வந்தனர். கண்புரை நீக்கவும் கட்டிகளை அறுக்கவும் விடியுமுன்னரே வந்து காத்துக் கிடந்தனர். நோயாளிகள் பெருகப் பெருகப் பிரசங்கத்துக்குப் பொழுது சுருங்கிற்று. பணிப்பெண் வீட்டுக்கு எசமானியாகிவிட்டாள் என்று சங்கத்தார் நினைத்தனர் போலும். 1845-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கத் தூதுவர் அலுவலகத்தில் காரியதரிசி வேலையும் ஏற்றுக்கொண்டார். 1847-ஆம் ஆண்டில் சங்கம் அவரோடு தன் தொடர்பை முடித்துக்கொண்டது.

மானிப்பாய்

அதே 1847-ஆம் ஆண்டில் அதே சங்கம் யாழ்ப்பாணத்துக்கு மற்றொரு மருத்துவரை அனுப்பியது. அவர்தாம் சாமுவேல் பிஸ்க் கிரீன். மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரத்திற் பிறந்தவர், வயது இருபத்தைந்து, குருப்பட்டம் பெறாத மருத்துவர். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848-ஆம் ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். நடுவில் சில ஆண்டுகள் தாயகஞ் சென்றிருந்த காலம் நீங்க, 1873-ஆம் ஆண்டு வரை அவர் உழைப்பெல்லாம் தமிழருக்கே உரியதாயிற்று.

கிரீன் தமது எண்ணத்தை ஒளித்தவரல்லர். தமிழர் கிறிஸ்தவராக வேண்டுமென்பதே அவர் விருப்பம். ஆயினும் கிறிஸ்தவராகின்ற தமிழர் உடையிலும் உணவிலும் பேச்சிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும், அரை ஐரோப்பியராதல் கூடாது என்பதும் அவர் உறுதியான கொள்கை. தம் மாணாக்கர் காற்சட்டைக்கும் மேல்நாட்டு நடைக்கும் ஆசைப்பட்டதை அவர் விரும்பவில்லை.

அவர் 1848-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தின் வாயிலாக மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் பலரும் சம்பளத்தை நாடி அரசாங்க வேலைக்கும் தூரதேசங்களுக்கும் போகக் கண்டார். கிராமத்து நோயாளியின் நிலையோ இருந்தபடியே இருந்தது. எனவே தமிழிலேயே கற்பித்தால் கற்றவன் தன் ஊரிலேயே தங்குவான் எனக் கருதி, 1864-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ் வாயிலாகவே மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அவரிடம் தேர்ந்த மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணாக்கர்கள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றனர். இரணவைத்தியம் 1867-ஆம் ஆண்டிலும், மனித உடலமைப்பைக் கூறும் மனுஷ அங்காதிபாதம் 1872-ஆம் ஆண்டிலும், இரசாயனத்தைக் கூறும் கெமிஸ்தம் 1875-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. எல்லாவற்றையும் கூட்டின் நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும். கலைச்சொற்களுக்கு முதலில் தமிழிலும், அங்குக் கிடையாவிடின் வடமொழியிலும் தேடினார். அங்கும் இல்லாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினார். தமிழில் விஞ்ஞானம் இயலுமா என்று இன்னமும் ஐயுறுவோர் இதனை அறிந்திருக்கின்றனரா? ஆங்கிலப் பள்ளியிற் படித்த நம்மனோர் நரம்புக்கும் நாளத்திற்கும் ஆங்கிலப் பெயரையே மனனஞ் செய்தோம். நூறாண்டுகளுக்கு முன்னரே அவற்றைத் தமிழில் எழுதிப் படம் போட்டு வைத்தவர் ஓர் அமெரிக்கர்.

பிரசங்கத்துக்கு எதிர்ப் பிரசங்கம்

இஃதிங்ஙனமாக, பிரசங்கம் என்னும் மற்றத் தொழில் யாழ்ப்பாணத்தில் என்னவாயிற்றென்று பார்ப்போம். கிரீன் பிறந்த 1822-ஆம் ஆண்டிலேயே நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மெதடிஸ்த பாதிரியாரான பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவரும் அவரே. கிரீன் கரையிறங்கிய அதே 1847-ஆம் ஆண்டின் கடைசி நாளில், வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தமது முதற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் கொணர்ந்த பிரசங்க முறையும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அவர் கையில் சைவத்தின் படைக்கலங்களாயின. மிஷனின் வட்டுக்கோட்டைக் கலாசாலையிற் படித்தவரும், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுமாகிய தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் பின்னர்ச் சைவத்திற்கே திரும்பினர்.

பிரசங்கத்துக்கு எதிர்ப் பிரசங்கம் பிறந்ததில் வியப்பில்லை. சொல்லைச் சொல்லால் மறுப்பது அறிவுடையார் செயலே. ஆனால் மானிப்பாய் மருத்துவசாலைக்கு வந்தவர் சைவரா கிறிஸ்தவரா என்னும் வேறுபாடு நோய்க்குத் தெரியாது. கொள்ளைநோய் பரவிய காலங்களில் கிரீனிடம் பயின்றோரை அரசாங்கமும் வேண்டி அழைத்துக்கொண்டது. எதிர்ப்பின்றி எல்லா வீட்டு வாயிலிலும் நுழைந்த தொழில் வைத்தியம் ஒன்றே.

அமெரிக்கச் சங்கத்தின் தலைமைச் செயலாளரான ரூபஸ் ஆண்டர்சன் இவற்றையெல்லாம் வேறு கண்கொண்டு பார்த்தார். 1855-ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் வந்து சென்றதன் பயனாய், வட்டுக்கோட்டைக் கலாசாலை மூடப்பட்டது. தாய்மொழியிற் பிரசங்கித்துக் கிராமச் சபைகளை நாட்டுவதே மிஷனின் வேலை, கல்வியும் மருத்துவமும் அதற்குப் புறம்பான துணைகள் என்பது அவர் கொள்கை. அவர் வாதத்தில் ஒரு நேர்மை உண்டு: சங்கத்துக்குப் பணங் கொடுத்தவர் சுவிசேஷத்துக்கென்று கொடுத்தனர், கணக்குக் கேட்கும் கடமை அவருக்கிருந்தது. ஆயினும் ஊழியத்தின் பலனைத் திருமுழுக்குப் பெற்றோர் தொகையாற் கணக்கிடும்போது, குணமடைந்து வீடு சென்றவர் எந்தப் பத்தியிலும் எழுதப்படாமற் போகின்றனர். எழுதப்படாததனால் அவ்வேலை நடவாததாகுமோ?

காத்திருப்போர் முன்னிலையில்

மிஷன் மருத்துவசாலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் நோயாளிகள் கூடியதும் வேதவாசிப்பும் ஜெபமும் சிறு பிரசங்கமும் நடைபெறும். அதன்பிறகே மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்குவர். செய்தவர்கள் நன்மனத்தோடேயே செய்தனர். உள்ளதில் உயர்ந்ததென்று தாம் கருதியதைப் பிறருக்குக் கொடாதிருப்பது அன்பன்று என்பது அவர் எண்ணம். அதனை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால் தோட்டத்தில் பேர்ப்புத்தகம் எழுதும் கிராணிமாராகிய நமக்கு, வரிசையில் நிற்பவன் நிலை நன்கு தெரியும். காலைப் பெரட்டில் தன் பெயர் கூப்பிடப்படும் வரையில் அவன் எங்கும் போக முடியாது. எது சொன்னாலும் கேட்பவன்போல நிற்பான். அவன் கேட்டானென்று அதனால் நாம் சொல்ல முடியுமா? பல்வலியோடு வந்தவன் பிரசங்கத்திற்குச் செவிசாய்ப்பதும் அவ்வகையதே. எழுந்து போகும் உரிமை உடையவன் தங்கிக் கேட்டாலன்றோ அது கேள்வியாகும்? வண்ணார்பண்ணையில் நாவலரைக் கேட்டவருக்கு அவ்வுரிமை இருந்தது. தெருமுனையிற் பாதிரியாரைக் கேட்டவருக்கும் இருந்தது. மருந்துக்குக் காத்திருந்தவருக்கு இல்லை. எனவே வைத்தியத்தைப் பிரசங்கத்துக்குப் பணிப்பெண்ணாக்கியதால் வைத்தியத்துக்கு மட்டும் இழுக்கு என்று எண்ணற்க. பிரசங்கத்துக்கும் அது இழுக்கே. தன் உண்மையினாலேயே வெல்லத்தக்க சொல்லுக்கு மருந்துப் புட்டியின் துணை எதற்கு?

ஜெபத்தின் இடம்

இனி, முன்னர் நிறுத்திவைத்த ஜெபத்துக்கு வருவோம். ஜெபத்தை மருந்தின் இடத்தில் வைத்து, நோயாளியை மருத்துவசாலைக்கு அனுப்பாமற் பிடித்து வைத்திருப்பார் எல்லாச் சமயங்களிலும் உளர். நேர்த்திக்கடனும் மந்திரித்த கயிறும் ஒரு புறம். அற்புத சுகமளிக்கும் கூட்டங்கள் மற்றொரு புறம். இவற்றை நம்பிக் காலந் தாழ்த்தியதால் இறந்த பிள்ளைகளுக்குச் சமயம் ஏது? யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நோயாளிக்காகச் சபை மூப்பர் ஜெபிக்கும்படி சொல்லுமிடத்தில், எண்ணெய் பூசும்படியும் சொல்லப்பட்டுள்ளது. அக்காலத்தில் எண்ணெய் மருந்துமாகும் என்பதைச் சமாரியன் கதையிற் கண்டோம். ஜெபமும் மருந்தும் அங்கே பகைகளல்ல.

ஜான் ஸ்கடரின் பேர்த்தியான ஐடா ஸ்கடரின் வரலாறு இதனை விளக்கும். தென்னிந்தியாவில், திண்டிவனத்தில், தம் தந்தையாரின் வீட்டில் இருந்த இளம்பருவத்தில், ஓரிரவு ஒருவர்பின் ஒருவராய் மூவர் வந்து, பிரசவ வேதனையிலுள்ள தத்தம் மனைவியரைக் காக்க வருமாறு வேண்டினர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லும்படி அவர் சொல்ல, ஆடவர் ஒருவர் தம் பெண்களைப் பார்க்கலாகாதென்று மூவரும் மறுத்துப் போயினர். அவ்விரவை ஐடா ஜெபத்திற் கழித்தார். விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. பெண்களை அந்தப்புரத்தில் அடைத்து வைத்த வழக்கம் அவர்களைப் பலி கொண்டதென்றே நாம் சொல்லுவோம். ஜெபித்த ஐடாவோ தாம் மருத்துவம் கற்பதென்று துணிந்தார். 1899-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பி, 1902-ஆம் ஆண்டில் வேலூரில் மகளிர் மருத்துவசாலையைத் திறந்தார். 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இன்று வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அறியாத தமிழர் அரியர். அவர் ஜெபம் அப்பெண்களை எழுப்பவில்லை, ஜெபித்தவரை எழுப்பிற்று. கப்பர்நகூமின் விடியற்காலத்தில் நாம் கண்டதும் இதுவே.

முடிவுரை

கிரீன் 1873-ஆம் ஆண்டில் உடல் நலிந்து தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1884-ஆம் ஆண்டில் காலமானார். வூஸ்டர் நகரத்திலுள்ள அவர் கல்லறையில், தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட எழுதப்பட்டுள்ளது. அவ்வாறு எழுத வேண்டுமென்பது அவர் விருப்பம். மருத்துவம், ஊழியம் என்னும் இரண்டில் எது பெரிதென்று அக்கல் சொல்லவில்லை. ஆனால் 1870-ஆம் ஆண்டில் கொழும்பில் ஆங்கில வழியிலான மருத்துவப் பள்ளி எழுந்தது. கிரீன் சென்றபின் தமிழ் வழி மருத்துவக் கல்வியும் மங்கி மறைந்தது. அவர் தமிழர் கையில் கொடுத்துச் சென்றதைக் காவாது விட்ட குற்றத்தை அவர்மேற் சுமத்துவதற்கில்லை.

இவ்வரலாற்றால் நாம் தெளிவது யாது? ஜெபம் ஊழியஞ் செய்பவனைச் சீர்ப்படுத்துக. நோயாளியிடத்தில் மருந்துக்கு ஈடாக அது நில்லாதிருக்க. பிரசங்கம் கேட்பவனின் உரிமையை மதித்து நடைபெறுக. வைத்தியம் வைத்தியத்துக்காகவே செய்யப்படுக. இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி இயேசு தம் சீடருக்கு இட்ட கட்டளையும் இதனையே வேண்டுகின்றது; பிரதியாக மதமாற்றத்தை எதிர்பார்ப்பதும் ஒருவகை விலை கேட்பதேயாகும். இந்நியாயம் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. கோயிலின் பெயராலோ, பள்ளிவாசலின் பெயராலோ, சங்கத்தின் பெயராலோ சோறும் மருந்தும் புத்தகமும் வழங்கும் ஒவ்வொருவரும், வாங்குகின்றவனிடத்தில் தாம் எதைத் திருப்பிக் கேட்கின்றோம் என்று தம்மைத்தாமே வினவிக் கொள்ளுதல் தகும்.